குமிழி காண் படலம்: கஞ்சா வேப் பேனாவின் ஆயுளும் கேடும் குறித்த ஆராய்ச்சி

1. பாயிரம்

பால் திரிவது பற்றியும், மீன் நாறுவது பற்றியும், மாத்திரை காலாவதியாவது பற்றியும் அறிஞர்கள் ஏற்கெனவே போதிய அளவு எழுதிவிட்டார்கள். மேசை இழுப்பறையில் பழைய சாவி, செல்லாத நாணயம், மூடி தொலைந்த பேனா இவற்றோடு ஒன்றரை ஆண்டாகக் கிடக்கும் கஞ்சா வேப் பேனாவைக் கண்டெடுத்தவர், அதை என்ன செய்வது என்று திகைத்து நிற்கும் நிலை மட்டும் ஆராய்ச்சி உலகின் கருணையைப் பெறாமலே இருக்கிறது. அக்குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை.

ஆய்வுக்களம் கலிஃபோர்னியா, கொலராடோ, வாஷிங்டன் முதலிய அமெரிக்க மாநிலங்களும் கனடாவும். அங்கே உரிமம் பெற்ற கடைகளில், வயதுச் சான்று காட்டிய எவரும் இப்பொருளை ரசீதோடு வாங்கலாம். இந்தியாவிலோ கஞ்சாவுக்கு 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டமும், மின்சிகரெட்டுக்கு 2019ஆம் ஆண்டின் தடைச்சட்டமும் காவல் நிற்கின்றன. ஆகவே இந்திய ஆய்வாளர்க்குக் களப்பணி கூடாது, நூலறிவே துணை.

2. ஆய்வுப் பொருளின் இலக்கணம்

வேப் பேனா ஈருறுப்பு உடையது. கீழுறுப்பு லித்தியம் பேட்டரி. மேலுறுப்பு எண்ணெய் நிறைந்த சிறு குப்பி. பழகியவர்கள் அதைச் சுருக்கமாகக் 'கார்ட்' என்பர். குப்பியின் கொள்ளளவு பெரும்பாலும் அரை கிராம் அல்லது ஒரு கிராம். இரண்டையும் திருகிப் பூட்டும் மரைக்கு '510' என்று பெயர். நிகோடின் மின்சிகரெட்டுக்கென்று பிறந்த இந்த மரையைக் கஞ்சா உலகம் இரவல் வாங்கி, இன்றுவரை திருப்பித் தரவில்லை. ஐந்து முறை அழுத்தினால் உயிர்பெறுவதும், மீண்டும் ஐந்து முறை அழுத்தினால் உறங்குவதும் இவ்வினத்தின் பரவலான வழக்கம்.

எண்ணெயிலும் சாதிகள் உண்டு. காய்ச்சி வடித்து, டிஎச்சி என்னும் போதைச் சத்தைப் பெருமளவு செறிவூட்டிய 'டிஸ்டிலேட்' ஒரு வகை. அறுவடை செய்த செடியை உலர விடாமல் உறைய வைத்து, அதன் மணப்பொருள்களோடு பிரித்தெடுக்கும் 'லைவ் ரெசின்' இன்னொரு வகை. முன்னது வடித்தெடுக்கும்போதே மணத்தை இழந்துவிடுவதால், அதற்கு வெளியிலிருந்து மணம் சேர்க்கிறார்கள். பின்னது தன் சொந்த மணத்தோடு வருகிறது; விலையும் கூடுதல்.

3. கேட்டின் பாகுபாடு

கேடு நான்கு வகைப்படும்: வீரியக்கேடு, மணக்கேடு, உருவக்கேடு, கருவிக்கேடு.

வீரியக்கேடாவது, டிஎச்சி காற்றோடும் வெளிச்சத்தோடும் வெப்பத்தோடும் பழகி, தன் மூலக்கூறிலிருந்து நான்கு ஹைட்ரஜன் அணுக்களை இழந்து, கன்னபினால் என்னும் சிபிஎன் ஆவது. சிபிஎன்னுக்குப் போதை தரும் ஆற்றல் மிகக் குறைவு. மணக்கேடாவது, டெர்பீன் எனப்படும் மணப்பொருள்கள் ஆவியாகியோ ஆக்சிஜனேற்றம் அடைந்தோ போவது. ஆரஞ்சுத் தோலில் உள்ள லிமோனீனும் மிளகில் உள்ள கேரியோஃபிலீனும் இந்த எண்ணெயிலும் உண்டு. அவை கெட்ட கார்ட், பழந்தேங்காயெண்ணெய் போலக் காறல் அடிக்கும்.

உருவக்கேடாவது, எண்ணெய் கறுப்பது, அல்லது லைவ் ரெசினில் பொடிப்படிகங்கள் தோன்றுவது. படிகம் கண்டு பதறுவோர் பலர். ஆனால் அது பெரும்பாலும் கேடே அன்று. அமில வடிவத்தில் உள்ள டிஎச்சி கெட்டிப்பட்டு உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவே. கருவிக்கேடாவது, ஊதுகுழாயில் எண்ணெய் உறைந்து அடைப்பது, அடியில் கசிவது, பேட்டரி தானே மின்னிழந்து மீளாத் துயில் கொள்வது ஆகிய மூன்றும்.

'பூஞ்சைக்கேடு எங்கே?' எனின், உலர் கஞ்சாவுக்கு அது பெரும்பகை; எண்ணெயிலோ பூஞ்சை குடியிருக்கப் போதிய நீர் இல்லை. ஆகவே இங்கே விலக்கப்பட்டது.

4. முன்னோர் ஆராய்ச்சி

கஞ்சாவின் ஆயுளை அளந்த சோதனைகளுள் காலத்தால் மிக நீண்டது, எவரும் திட்டமிடாதது. சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில், துர்ஃபான் அருகே யாங்ஹாய் கல்லறைத் தொகுதியில், பூசாரி ஒருவருடையது எனக் கருதப்படும் கல்லறையில் 789 கிராம் கஞ்சா கிடைத்தது. வயது ஏறத்தாழ 2,700 ஆண்டு. 2008இல் வெளியான ஆய்வில், அதிலிருந்த டிஎச்சி சிதைந்து முக்கியமாகச் சிபிஎன் மட்டுமே எஞ்சியிருந்தது தெரியவந்தது. விதைகளை முளைக்க வைத்துப் பார்த்தார்கள்; முளைக்கவில்லை. இதனால் ஆயுளின் மேல்வரம்பு ஐயமற நிறுவப்பட்டது. எஞ்சிய வேலை, பூச்சியத்துக்கும் 2,700க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் கோடு எங்கே விழுகிறது என்று காண்பதே.

1890களில் கேம்பிரிட்ஜ் வேதியியலாளர் மூவர் சரஸ் என்னும் இந்தியக் கஞ்சாப் பிசினைக் காய்ச்சி, அதிலிருந்து ஒரு சிவந்த எண்ணெயைப் பிரித்து, கன்னபினாலை அடையாளம் கண்டனர். கஞ்சாவிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்ட சத்து, கெட்டுப்போனதால் விளைந்த சத்து. கெடாத டிஎச்சியின் கட்டமைப்பை இஸ்ரேலின் வைஸ்மன் நிலையத்தில் மெக்கூலமும் கவோனியும் விளக்கியது 1964இல்தான். ஆக, கிட்டத்தட்ட எழுபது ஆண்டு அறிவியல் எச்சிலை வைத்துக்கொண்டு இலையைத் தேடியது.

இடைப்பட்ட காலத்தில் வீரியத்தை அளக்க வேறு கருவி வேண்டியிருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க மருந்து நிறுவனங்கள் கஞ்சாச் சாற்றை நாய்களுக்குக் கொடுத்து, அவை எந்த அளவுக்குத் தள்ளாடுகின்றன என்று பார்த்துச் சரக்கின் தரத்தை முடிவு செய்தன. பழஞ்சரக்கை உண்ட நாய் நேராக நடந்தது.

நாயின் துணையின்றி வீரியத்தை அளந்தோருள் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தாரும் உண்டு. அரசுக்காகக் கஞ்சா வளர்த்துவந்த அந்நிலையத்தின் ராஸ், எல்சோலி ஆகிய இருவர், அறை வெப்பநிலையில் சேமித்த உலர் கஞ்சா முதலாண்டில் சராசரியாக 16.6 விழுக்காடும், இரண்டாண்டில் 26.8 விழுக்காடும், நான்காண்டில் 41.4 விழுக்காடும் டிஎச்சியை இழப்பதாக 1990களின் இறுதியில் எழுதினர். சிபிஎன்னை டிஎச்சியால் வகுத்தால் சரக்கின் வயதையே கணிக்கலாம் என்பது அவர்களின் துணைமுடிபு. இவ்வெண்கள் செடிக்கு உரியவை; குப்பிக்குள் அடைத்த எண்ணெய்க்கு அப்படியே பொருந்தா. திசை மட்டும் ஒன்றே.

5. பரபக்கம்: குமிழிவாதியர் கொள்கை

சந்தையில் செல்வாக்கோடு திரிந்த ஒரு கொள்கையை இனி எடுத்து மறுப்போம். கார்ட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து, உள்ளே இருக்கும் காற்றுக்குமிழி எவ்வளவு மெதுவாக ஏறுகிறது என்று பார். மெதுவாக ஏறினால் எண்ணெய் கெட்டி, கெட்டியானால் சுத்தம், சுத்தமானால் புதுசு என்பது குமிழிவாதம். வாங்குபவர் கடைவாசலிலேயே கார்ட்டைக் கவிழ்த்துக் கண்ணுக்கு நேரே பிடித்து, நாடி பார்க்கும் வைத்தியர் முகத்தோடு நின்ற காலம் அது.

இக்கொள்கையில் ஓட்டை இருப்பதைக் கள்ளச்சந்தைக்காரர்கள் அறிஞர்களுக்கு முன்பே கண்டுகொண்டார்கள். எண்ணெயில் நீர்த்த பொருளைக் கலந்தால் குமிழி ஓடிவிடும், வாங்குபவர் கண்டுபிடித்துவிடுவார். கலந்தாலும் கெட்டித்தன்மை குறையாத ஒரு பொருள் வேண்டும். கிடைத்தது வைட்டமின் ஈ அசிட்டேட். தோலில் பூசும் களிம்பிலும் விழுங்கும் மாத்திரையிலும் சாதுவாக இருக்கும் பொருள். மணமும் நிறமும் காட்டிக்கொடுக்காது. குமிழி ஆடி அசைந்துதான் ஏறும்.

2019 கோடையில் இலினாய், விஸ்கான்சின் மாநிலங்களில் தொடங்கி, நல்ல உடல்நிலையில் இருந்த இளைஞர்கள் மூச்சுத் திணறலோடு மருத்துவமனைகளில் சேரத் தொடங்கினர். 2020 பிப்ரவரி 18 வரை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் எடுத்த கணக்கு: மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களும் இறந்தவர்களுமாக 2,807 பேர்; அவர்களுள் இறப்பு உறுதியானது 68. நோயாளிகள் 51 பேரின் நுரையீரல் கழுவு நீரைச் சோதித்ததில் 48 பேரிடம் வைட்டமின் ஈ அசிட்டேட் இருந்தது. நோயாளிகளிடம் மிகுதியாகக் கேள்விப்பட்ட பெயர்களுள் ஒன்று 'டாங்க் வேப்ஸ்'. அந்தப் பெயருக்குப் பின்னால் நிலையான தயாரிப்பாளர் யாரும் இல்லை; அச்சிட்ட வெற்று அட்டைப்பெட்டிகளை இணையத்தில் எவரும் வாங்கி, எதையும் அடைத்து விற்கலாம் என்ற நிலை. கொலராடோ 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து உள்ளிழுக்கும் கஞ்சாப் பொருள்களில் வைட்டமின் ஈ அசிட்டேட்டைத் தடை செய்தது.

ஆய்வு மரபுக்குப் புறம்பானாலும் இங்கே கேலியைச் சற்று நிறுத்திவிட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் குமிழிகள் எதுவும் பொய் சொல்லவில்லை. கேட்கப்பட்ட கேள்விக்கு, எண்ணெய் கெட்டியா என்பதற்கு, சரியாகவே விடை சொல்லின.

6. சுபக்கம்: வெளிச்சமே முதற்பகை

இலண்டனில் ஃபேர்பேர்னும் அவர் கூட்டாளிகளும் 1976இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் மூலநூல் எனத் தகும். கஞ்சாவையும் அதன் சாறுகளையும் இருட்டிலும் வெளிச்சத்திலும், குளிரிலும் அறை வெப்பத்திலும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்த அவர்கள் கண்ட முதற்பகை வெளிச்சம்; அடுத்தது காற்று. வெளிச்சம் படாமல் அறை வெப்பநிலையில் வைத்தால் ஓராண்டு, ஈராண்டு வரை சரக்கு ஓரளவு நிலைத்திருக்கும் என்றும் முடிவுரைத்தனர்.

இம்முடிவைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய கார்ட்டை நோக்குக. அது பெரும்பாலும் கண்ணாடியால் ஆனது. மருந்துக்கடையில் பழுப்புக் குப்பி எதற்கு இருக்கிறது என்று உலகுக்கே தெரிந்திருக்க, கஞ்சா எண்ணெய் மட்டும் நிறம் தெரிய, அளவு தெரிய, குமிழி தெரிய, பளிங்குக் கூண்டில் வீற்றிருக்கிறது. கெட்டதா என்று பார்ப்பதற்கென்று வைத்த சாளரத்தின் வழியாகவே கெடுப்பது உள்ளே வருகிறது. இதுவே இக்கட்டுரையின் தலைமைக் கண்டுபிடிப்பு.

வெப்பம் மூன்றாம் பகை. அரிசோனாவின் டெம்பி நகரில் கோடையில் நிறுத்திவைத்த கார்களை அளந்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்று, வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற காரின் டாஷ்போர்டு சராசரியாக 69 பாகை செல்சியசை எட்டியதாகச் சொல்கிறது. அந்த ஆய்வு காரில் விடப்படும் குழந்தைகளைப் பற்றிக் கவலைப்பட்டு நடந்தது. பேனாவைப் பற்றி அது பேசவில்லை. ஆயினும் அந்த டாஷ்போர்டில் கிடக்கும் கார்ட்டில் எண்ணெய் இளகும், கசியும், மணம் போகும். லித்தியம் பேட்டரியும் அந்தச் சூட்டை விரும்பாது.

நிறத்தை நம்புவோர்க்கும் ஒரு சொல். எண்ணெய் நாளாக ஆகக் கறுப்பது உண்மை. ஆனால் சில லைவ் ரெசின்கள் பிறவியிலேயே கறுப்பு. ஆகவே வாங்கிய நாளில் இருந்த நிறம் நினைவில் இருந்தாலொழிய நிறம் சாட்சி ஆகாது.

கண்ணுக்கு எட்டாத கேடும் உண்டு. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்ற வேதியியலாளர்கள் 2023இல் அறிவித்தபடி, ஒருமுறைகூடச் சூடேற்றாத பேனாக்களின் எண்ணெயிலேயே ஈயம், நிக்கல், குரோமியம் முதலிய உலோகத் துகள்கள் இருந்தன. அடைத்து ஆறு மாதம்கூட ஆகாத சரக்கிலும் அவை காணப்பட்டன. கள்ளச்சரக்கில் நிலைமை இன்னும் மோசம். எண்ணெய் சும்மா கிடக்கும் காலத்திலும் தன்னைச் சுற்றியிருக்கும் உலோகத்தோடு உறவாடுகிறது. குமிழி இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது.

7. தேதி ஆராய்ச்சி

பின் எதைத்தான் பார்ப்பது? பெட்டியில் பொடியெழுத்தில் அடித்திருக்கும் அடைப்பு நாளை.

இதைப் படிப்போர் அரியர். காலாவதி நாளைத் தேடுவோரோ ஏமாற்றத்துக்கு ஆளாவர். அமெரிக்காவில் கூட்டரசுச் சட்டப்படி கஞ்சா விலக்கப்பட்ட பொருள். ஆகவே அதற்கு நாடு தழுவிய காலாவதி விதி இருக்க வழியில்லை. கனடா 2018இல் கொண்டுவந்த விதிகளோ இவ்விடத்தில் தத்துவ உயரம் எட்டின. அவற்றின்படி தயாரிப்பாளர் காலாவதி நாளைச் சான்றோடு அச்சிட வேண்டியிருந்தது. இல்லையேல் காலாவதி நாள் எதுவும் தீர்மானிக்கப்படவில்லை என்று அச்சிட வேண்டியிருந்தது. பலரும் இரண்டாவதையே அச்சிட்டனர். தெரியாது என்பதைச் சட்டப்படி அறிவிக்கும் பொருள்கள் உலகில் மிகச் சில.

கடைக்காரர்கள் வாய்வழியாகச் சொல்லும் கணக்கு ஏறத்தாழ ஓராண்டு. இலண்டன் ஆய்வோடு இது பெரிதும் முரண்படாதது வியப்பே.

தூக்கியெறிவதிலும் இடர் உண்டு. பேட்டரியோடு ஒட்டிப் பிறந்த ஒருமுறைப் பேனாக்களை வீசியெறியத்தக்கவை என்று விளம்பரம் செய்வதைக் கலிஃபோர்னியா 2024 ஜூலை முதல் தடை செய்துவிட்டது. லித்தியம் குப்பைக்கூடைக்குப் போகக் கூடாது.

8. கெட்டதன் மறுபிறப்பு

சிபிஎன்னின் பிற்கால வாழ்வு தனிக் கவனத்துக்கு உரியது. பழைய கஞ்சா தூக்கம் தரும் என்ற நம்பிக்கை நெடுநாளாக உலவுகிறது. அதைப் பற்றிக்கொண்டு இன்று அதே கடைகளில் சிபிஎன் மிட்டாய்கள் உறக்க மருந்து போல விற்கின்றன. அந்நம்பிக்கைக்குப் போதிய சான்று இல்லை என்று 2021இல் வெளியான ஒரு மதிப்பாய்வு சொல்லிற்று. விற்பனை அதைப் பொருட்படுத்தவில்லை. ஆக, ஓர் அலமாரியில் கார்ட்டுக்குள் சிபிஎன் சேர்ந்தால் சரக்கு பழசு என்று தள்ளுபடி; எதிர் அலமாரியில் அதே சிபிஎன்னுக்குத் தனி விலை.

9. தீராத பூசல்

சேமிப்பு முறையில் அறிஞர் இரு அணி. உறைபெட்டி அணியினர், குளிரில் வேதிமாற்றம் மெதுவாகும் என்பர். வேதியியல் அவர்கள் பக்கம். இழுப்பறை அணியினர், குளிரில் எண்ணெய் இறுகி வழியடைக்கும், வெளியே எடுத்ததும் ஈரம் படியும், பேட்டரி சோரும் என்பர். அனுபவம் இவர்கள் பக்கம். வெளிச்சம் புகாத, சூடில்லாத இழுப்பறை என்ற நடுநிலைத் தீர்மானத்தை இரு அணியும் இன்னும் முழுமனதோடு ஏற்கவில்லை. ஆனால் பேனாவைப் படுக்க வைக்காமல் ஊதுவாய் மேலே இருக்க நிமிர்த்தி வைக்க வேண்டும், இல்லையேல் எண்ணெய் குழாயில் ஏறி அடைக்கும் என்பதில் மட்டும் இரு அணிக்கும் கருத்து வேறுபாடில்லை. இத்துறையில் ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம் இது ஒன்றே.