வீடு பார்க்க வந்த மாமா

சிங்கம்புணரிப் பையன் எவன் சென்னைப் பக்கம் வீடு வாங்கினாலும், ஊரிலிருந்து ஒரு மாமா பஸ் ஏறுவார். கயிறு வியாபாரம் பார்த்தவராக இருப்பார். கையில் மஞ்சள் பை, பைக்குள் அரை டஜன் தேங்காய். தன் வாழ்நாளில் ஒரு வீடுகூட வாங்கியிருக்க மாட்டார். தாத்தா கட்டிய வீட்டில் மூன்றில் ஒரு பங்கில் குடியிருந்துகொண்டு, மற்ற இரண்டு பங்காளிகளோடும் பேச்சுவார்த்தை இல்லாதவர். அவர்களோடு நடக்கும் பாக வழக்கில் கோர்ட்டுக்கு நடந்து நடந்துதான் மூலப்பத்திரம், வில்லங்கம், பட்டா எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

விடியற்காலை கிளாம்பாக்கத்தில் இறங்கியதும் போன் வரும். "மாப்ளே, வந்துட்டேன். வீடு எந்தப் பக்கம்?"

வீடு கேளம்பாக்கத்தில். 2023 டிசம்பரில் புதுப் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து இந்த இரண்டு பாக்கங்களுக்கும் நடுவே தென்மாவட்டத்து மாமாக்கள் அலைந்துகொண்டிருக்கிறார்கள். இடையில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். ஆட்டோக்காரர் கேட்ட தொகைக்கு ஊருக்கே திரும்பிப் போயிருக்கலாம் என்பார் மாமா.

"கோவளம் பீச் பத்து நிமிஷம்தான் சார்" என்று ஆரம்பித்தான் விற்பனைப் பையன். மாமா விரல் முட்டியால் சுவரைத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார்.

"கடல் கிட்டன்னா உப்புக் காத்து. கம்பி துருப்பிடிச்சு உப்பி, கான்கிரீட்டப் பொளந்துக்கிட்டு வருமே, தம்பி?"

வரும்தான். அதனால் பையன் பேச்சை நீச்சல் குளத்துக்குத் திருப்பினான்.

"குளிக்கிறது இருக்கட்டும். குடிக்க?"

"லாரித் தண்ணி சார்."

நெம்மேலியில் 2013 முதல் கடல்நீரையே குடிநீராக்குகிறார்கள் என்பது மாமா பேப்பரில் படித்த விஷயம். அதைச் சொல்லாமல் விடுவாரா?

அடுத்து வந்ததுதான் பிரிபடாத பாகம். ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு நானூறு சதுர அடி மண் சொந்தம் என்று பத்திரம் சொன்னது.

"அந்த நானூறு எங்க இருக்கு?"

"கட்டடத்துக்கு அடியில சார். எல்லாருக்கும் பொதுவா."

"பொதுன்னா? எங்க மாப்ளைக்கு எந்த மூலை? கோடு போட்டுக் காட்டு, கல்லு ஊண்டிட்டுப் போறேன்."

கார் நிறுத்துமிடம் முழுக்க ஒரு சுற்று வந்தார். லிஃப்டுக்குப் பக்கத்தில் ஈசானிய மூலையைக் காலால் மிதித்துப் பார்த்தார். காவலாளி சந்தேகத்தோடு பின்னாலேயே வந்தார். பங்காளிச் சண்டையில் நாற்பது வருஷத்தைத் தொலைத்தவருக்கு, நூறு பேருக்குப் பொதுவான மண் என்றால் நூறு வழக்கு என்றுதான் கணக்கு.

முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் என்று பையன் அடுக்கியதும், "பொண்டாட்டி பேர்ல எழுது, 2025லேர்ந்து ஒரு சதவீதம் கொறச்சிருக்கான்" என்றார். சலுகை பத்து லட்சம் மதிப்பு வரைதான். அந்தத் தொகைக்குக் கேளம்பாக்கத்தில் பாத்ரூமையும் பால்கனியையும் பத்திரம் பண்ணலாம்.

மெட்ரோ வருகிறதாம். எதுவரை? சிறுசேரி. அப்புறம்? பையன் சிரித்தான்.

கதவு அட்டை, தரை வழுக்கல், அடுப்படி தப்பான திசை. கடைசியாக மாப்பிள்ளையைத் தனியாக அழைத்துப்போய்க் கேட்டார்: "அட்வான்ஸ் ஏதும் குடுத்துட்டியா?"

"போன மாசமே குடுத்தாச்சு, மாமா."

மாமா பால்கனிக்குப் போய்க் கிழக்கே பார்த்தார்.

"அப்ப நல்ல வீடுதான். இந்தப் பக்கம் கடல். எவன் எவ்வளவு கட்டினாலும் அதோட நின்னுதானே ஆகணும்?"