சம்படம் திரும்பும் காலம்

தீபாவளி எப்போது தொடங்குகிறது என்பதில் பஞ்சாங்கங்களுக்குள் பெரிய தகராறு இல்லை. ஐப்பசித் தேய்பிறைச் சதுர்த்தசி, விடியும் முன் எண்ணெய்க் குளியல், அவ்வளவுதான். எப்போது முடிகிறது என்பதைத்தான் யாரும் முறையாக ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. வாசலில் பட்டாசுக் குப்பையைப் பெருக்கித் தள்ளியதும் முடிந்துவிட்டதாக நினைப்பவர்கள் ஆண்கள். என் அம்மாவின் கணக்கே வேறு. பலகாரம் போட்டுக் கொடுத்தனுப்பிய கடைசிப் பாத்திரம் எந்த நாளில் வீடு திரும்புகிறதோ அந்த நாளில்தான் தீபாவளி முடிகிறது. இக்கணக்கைச் சோதித்துப் பார்ப்பதே இச்சிற்றாய்வின் நோக்கம்.

ஆய்வுக் களம் மதுரையில் எங்கள் வீடும், பலகாரப் போக்குவரத்து உள்ள ஏழு உறவு வீடுகளும். ஆய்வுக் காலம் 2024 அக்டோபர் 31 தீபாவளியிலிருந்து மறு ஜனவரி 14 பொங்கல் வரை, ஆக 75 நாள். அந்தத் தீபாவளி வியாழக்கிழமையில் வந்தது. வெள்ளியையும் அரசு விடுமுறையாக்க, சனி ஞாயிறோடு சேர்ந்து நான்கு நாள் கிடைத்தது. ஊரே மகிழ்ந்தது. அம்மா மட்டும் காலண்டரைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு படி அரிசியை ஊறப் போட்டார். நான்கு நாள் லீவு என்றால் யார் யார் வருவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

ஆய்வுப் பொருளை வரையறுத்துக்கொள்வோம். கடை ஸ்வீட் பாக்ஸ் இந்த ஆய்வில் சேராது. அட்டைப் பெட்டியை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. திருப்பிக் கேட்காத பாத்திரத்தில் உறவுச் சிக்கல் எழ வழியில்லை. ஐஸ்கிரீம் டப்பாவும் அப்படியே. என் மனைவி சென்ற வருடம் முறுக்கை ஐஸ்கிரீம் டப்பாக்களில் போட்டுக் கொடுத்து, "திருப்பித் தரவேண்டாம் அத்தை" என்று சொல்லிப் பார்த்தார். நல்ல சீர்திருத்தம்தான். ஆனால் அந்த டப்பாக்களும் திரும்பி வந்தன, உள்ளே மிக்சரோடு. எஞ்சியவை எவர்சில்வர் தூக்கு, சம்படம், டிபன் கேரியரின் தனியடுக்கு. இவற்றுள் சம்படமே தலையாயது. மூடி இறுக்கமாக இருக்கும், அதிரசம் நமத்துப்போகாது, எந்த அலமாரியிலும் அடங்கும். அதனாலேயே அது திரும்புவதில்லை.

உள்ளீடு பற்றி ஒரு சொல். எண்ணெய்ச் சட்டியிலிருந்து முழுசாக எழும்பிய அதிரசம் வெளியூர் போகும். பாகு பதம் தவறிப் பிரிந்துபோனது வீட்டில் தங்கும். என் நாற்பத்தாறு வயதில் தீபாவளியன்று எங்கள் வீட்டில் முழு அதிரசம் சாப்பிட்டது எத்தனை முறை என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். நல்ல அதிரசம் வேண்டுமானால் எங்கள் உறவினராக இருக்க வேண்டும். மகனாக இருக்கக் கூடாது.

இத்துறையின் அடிப்படை விதி ஒன்றே: வெறும் பாத்திரம் திரும்பக் கூடாது. முறுக்கு போன தூக்கில் தட்டையாவது, நாலு வாழைப்பழமாவது வர வேண்டும். ஒன்றும் இல்லாத நாளுக்கும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. கழுவித் துடைத்த பாத்திரத்தின் அடியில் ஒரு கைப்பிடி சர்க்கரை போட்டுக் கொடுத்துவிடலாம். இதைச் 'சர்க்கரை விலக்கு' என்று குறிக்கிறேன். விலக்குதான், ஆனால் அடிக்கடி பயன்படுத்தினால் பெயர் கெட்டுவிடும். "அவ வீட்டுலேருந்து எப்பவும் சீனிதான் வருது" என்று ஒருத்தியைப் பற்றி எங்கள் குடும்பத்தில் சொல்லப்பட்டுவிட்டால், அது குணச்சித்திரம் அல்ல, தீர்ப்பு.

இந்த விதியின் நேரடி விளைவு, கணக்கு ஒருபோதும் நேராகாது என்பதே. பதிலுக்குப் போட்டுவந்த தட்டைக்கு மறுபடி ஒரு பதில் போக வேண்டும், அதுவும் ஒரு பாத்திரத்தில்தான். மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி, பாப்புவா நியூகினி பக்கத்து டிரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கி ஆராய்ந்து 1922இல் வெளியிட்ட நூலில் 'குலா' என்ற பரிமாற்றத்தை விவரிக்கிறார். சிப்பி மாலைகள் தீவு தீவாக வலஞ்சுழியாகப் போகும், சிப்பிக் காப்புகள் இடஞ்சுழியாக வரும், யாரும் எதையும் நெடுநாள் வைத்துக்கொள்வதில்லை. இதற்காக அவர் கடல் கடந்து போனார். எங்கள் தெருவுக்கு வந்திருந்தால் முறுக்கு ஒரு பக்கமும் ரவா லட்டு மறுபக்கமுமாகச் சுற்றுவதைத் திண்ணையில் உட்கார்ந்தபடியே குறித்துக்கொண்டிருக்கலாம். ஒரே வேறுபாடு, நெடுநாள் வைத்துக்கொள்வதில் எங்கள் ஆட்களுக்குத் தயக்கமே கிடையாது.

அந்தக் காரணத்தால்தான் பாத்திரத்தில் பெயர் வெட்டும் வழக்கம் வந்தது என்பது என் துணிபு. பாத்திரக் கடையில் பில் போட்டதும் "பேர் வெட்டணுமா?" என்று கேட்பார்கள். முன்பு சிற்றுளியால் புள்ளி புள்ளியாகத் தட்டுவார்கள். இப்போது கையடக்க மிஷின், கர்ரென்ற சத்தத்தோடு அரை நிமிடத்தில் எழுதிவிடும். எழுத்து வடிவத்தை வைத்தே பாத்திரத்தின் காலத்தை ஓரளவு கணிக்கலாம். புள்ளியெழுத்து என்றால் பாட்டி காலத்துச் சீர், கோட்டெழுத்து என்றால் தங்கை கல்யாணத்துக்குப் பின்.

இவ்வழக்கின் தொன்மைக்கு எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் போய்விடும் தூரத்திலேயே சான்று இருக்கிறது. கீழடியிலும், நொய்யல் கரைக் கொடுமணலிலும் கிடைத்த பானையோடுகளில் ஆதன் முதலிய ஆட்பெயர்கள் தமிழியில் கீறப்பட்டிருக்கின்றன. சுட்ட பிறகு கீறியவை பல என்பதால், பானை வைத்திருந்தவர்களே எழுதியிருக்கலாம் என்பார்கள் அறிஞர்கள். ஏன் எழுத வேண்டும் என்ற இடத்தில்தான் அவர்களுக்கும் எனக்கும் பாதை பிரிகிறது. ஆதனுக்கு ஒரு கொழுந்தியாள் இருந்திருக்க வேண்டும். இன்னும் பின்னால் வந்தால், இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்த பொன், வெள்ளிப் பாத்திரங்களை 'ஆடவல்லான்' என்ற கல்லால் நிறுத்து, எடையையும் சேர்த்துக் கல்வெட்டில் ஏற்றிவைத்தான். பெயர் மட்டும் போதாது என்று அனுபவத்தில் கண்டவன் செய்கிற காரியம் அது.

களத்தில் கண்டவற்றைச் சுருங்கச் சொல்கிறேன். அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டிலிருந்து போனவை பதினோரு பாத்திரம். தங்கையின் மாமியார் வீட்டுத் தூக்கு மறுநாள் காலையே வந்துவிட்டது, போனதைவிட அதிக எடையோடு. சம்பந்திகள் பாத்திரத்தை இரவு தங்க விடுவதில்லை, அது ராஜதந்திரம். மாடி வீட்டு அடுக்கு ஒரு வாரத்தில் வந்தது, சர்க்கரை விலக்கோடு. பெரியப்பா வீட்டிலிருந்து டப்பா வந்தது, மூடி வேறு. அந்த மூடியின் சொந்த டப்பா எங்கே என்பது தனி ஆய்வுக்குரியது. மார்கழி பிறந்தபோது பத்து வந்து சேர்ந்திருந்தன. பதினோராவது, திண்டுக்கல் சித்தி வீட்டுக்கு இருபது அதிரசத்தோடு போன சம்படம்.

"ஒரு டப்பாவுக்கா இவ்வளவு?" என்றார் அப்பா. அம்மா பதில் சொல்லவில்லை. போனில் சித்தியிடம் பேசும்போதும் சம்படத்தைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பது முதல் விதியின் துணைவிதி. "அதிரசம் நல்லா இருந்துச்சாடி?" என்று மட்டும் மூன்று வாரத்தில் நான்கு முறை கேட்டார். சித்தி நான்கு முறையும் நல்லா இருந்துச்சு என்றார்.

பொங்கல் முடிந்து காணும் பொங்கலன்று திண்டுக்கல் போனோம். அம்மா செருப்பைக் கழற்றியதும் நேரே அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் கேட்டார். பின்னாலேயே நானும் போனேன், நோட்டில்லாமல். மேடைக்கு மேல் அலமாரியில், உப்பு ஜாடிக்கும் புளிப் பானைக்கும் நடுவில், அது இருந்தது. பக்கவாட்டில் நெல்லளவு ஒடுக்கு. அம்மா சொம்பைக் கையில் வாங்கினாரே தவிரக் குடிக்கவில்லை.

சித்தி பார்வை போன திசையைப் பார்த்துவிட்டார். "அட, உன் சம்படம்க்கா! கொடுத்தனுப்பணும் கொடுத்தனுப்பணும்னுதான் எடுத்து வச்சேன்." எடுத்து வைத்ததில் பாதிக்கு மேல் துவரம்பருப்பு இருந்தது. பேப்பரை விரித்துப் பருப்பைக் கொட்டி, முந்தானையால் உள்ளே துடைத்து, கவிழ்த்து அடியையும் துடைத்தவர் அப்படியே நின்றார். "என்னக்கா, வேற பேரு போட்டிருக்கு?"

நான் வாங்கிச் சன்னல் பக்கம் சாய்த்துப் படித்தேன். புள்ளியெழுத்து. 'தி.சு. 21.5.71'. அம்மாவின் பெயருக்கும் கல்யாண நாளுக்கும் சம்பந்தமே இல்லை. அப்பாவின் அக்கா, திருமங்கலத்துப் பெரிய அத்தையின் முதலெழுத்துகள் அவை. என் காதுகுத்துக்கு எள்ளுருண்டை போட்டு அவர் கொடுத்தனுப்பிய சம்படம் என்பது பிறகு விசாரித்ததில் தெரியவந்தது.

கூடத்தில் அப்பா சித்தப்பாவோடு பேசிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. அம்மா ஒருமுறை வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"இவங்க அக்கா அடுத்த வாரம் பத்திரிகை வைக்க வர்றாங்க" என்றார் மெதுவாக.

சித்திக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. பேப்பரை இரண்டு பக்கமும் தூக்கிப் பிடித்துக் குழாய்போல் மடக்கி, ஒரு பருப்பும் சிந்தாமல் சம்படத்தில் திரும்பச் சரித்து, மூடியை உள்ளங்கையால் தட்டி இறுக்கினார். அலமாரியில் பழைய இடத்தில் வைக்காமல், கீழ்த்தட்டில், குக்கருக்குப் பின்னால் தள்ளினார்.

"இங்கேயே இருக்கட்டும்டி" என்றார் அம்மா. பிறகுதான் தண்ணீரைக் குடித்தார்.