கிழங்கு போச்சுன்னு முழிக்காதே மக்கா

மாசி பொறந்தாச்சு. வடசேரி சந்தையில சிறுகிழங்கு குமிஞ்சு கிடந்த இடத்துல வெள்ளரிக்கா வந்து உக்காந்தாச்சு. நீயானா மகளைக் கெட்டிக் குடுத்து அனுப்பின தகப்பன் கணக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கே. பாட்டா சொல்லுகதைக் கேளு.

நம்ம ஊருக் குளிரைச் சொன்னா ஊட்டிக்காரன் சிரிப்பான். மார்கழியில சுசீந்திரம் தேருக்குத் தோள்ல ஒரு துண்டு கிடந்தாப் போதும். கிழங்குக்கு அதுவே தாராளம். அதுக்குக் குளிரா முக்கியம்? பகல் சுருங்கணும், அப்பதான் வேருல கிழங்கு பிடிக்கும். திருவனந்தபுரத்துப் பக்கம் ஸ்ரீகாரியத்துல கிழங்குக்குன்னே 1963லேருந்து ஆராய்ச்சி ஆபீஸ் நடக்கு. திருச்சூர்ல வேளாண் பல்கலைக்கழகத்துக்காரன் சுபலான்னு ஒரு ரகம் எறக்கியிருக்கான். பகல் நீளம் பாக்காம வருசம் பூராம் விளையுமாம். விளைஞ்சிட்டுப் போட்டும். சித்திரையிலயும் கிழங்கைத் தின்னா, சக்கைக்கு வயித்துல எங்கடே எடம் வைப்பே?

இன்னொண்ணு. இவ்வளவு பாசம், சாக்குல போட்டுத் துவைக்கல்லுல அடிச்சுத் தோலு களையும்போது எங்க போச்சு? உங்க அம்மைக்கு நகக்கண்ணு பூராம் கறுத்து, புளி போட்டுத் தேச்சும் போகல்லை. நீ அங்கிண கிரிக்கெட் பாத்துக்கிட்டிருந்தே. தேங்காயும் நல்லமிளகும் அரைச்சு விட்ட கறி எறங்கினதும் மொத ஆளா வந்து குத்தவச்சே. அவ கைக்கு மாசியிலயாவது விடுதலை வேண்டாமா?

இப்பம் கடைசி ரெண்டு கிலோவை பிளாஸ்டிக் கவர்ல கெட்டி வச்சிருக்கே, பெங்களூருக்குக் கொண்டு போக. நாரோயில் ஸ்டேஷன் தாண்டுகதுக்குள்ள வேர்த்துரும். அங்க போய்ப் பிரிச்சா அழுவல் வாடைதான். சவத்தை இங்கயே விட்டுட்டுப் போ.

எதுக்கா? விதைக்குலே. வைகாசி, ஆனியில பாத்தி கெட்டிப் பதிக்கணும், பொறவு கொடி கிள்ளி நடணும், சோலி கொஞ்சமா? விதைக்குப் பொடிக்கிழங்கே போதும்னு விவரம் தெரிஞ்சவனுவ சொல்லுவானுவ. காதுல வாங்காதே. பருத்ததாப் பாத்து எடுத்து வை. அழுக்கை நல்லாக் கழுவிரு. தோலையும் களைஞ்சுட்டேன்னா பாட்டாவுக்கு ஒரு வேலை மிச்சம்.

தோலு களைஞ்ச கிழங்கு முளைக்குமான்னு கேக்கியா? படிச்ச பிள்ளைக்கு இதெல்லாமா கேள்வி. அது கிடக்கட்டும், ஒன் ரயிலு எத்தனை மணிக்குன்னு சொன்னே? கஞ்சிக்கு உலை வைக்க ஒரு கணக்கு வேணும்லா.