பன்னெண்டு இஞ்ச் அண்ணன்

இழவு கேட்கப் போன வீட்டில்கூட பன்னெண்டு இஞ்ச் அண்ணனின் கண் முதலில் போவது டிவி ஸ்டாண்டுக்குக் கீழேதான். அங்கே கறுப்பாக ஒரு பெட்டி தெரிந்தால் முகம் மலரும். துக்க வீடு என்பது ஞாபகம் வந்து உடனே சுருங்கும். புதுவீடு புகுவிழா என்றால் அந்தத் தொல்லை இல்லை. தேக்குக் கதவு, கிரானைட், மாடுலர் கிச்சன் எல்லாம் காட்டி முடித்துக் களைத்து நிற்கிற வீட்டுக்காரரிடம், "எல்லாஞ் சரீங். சப்ஊஃபர் எத்தனை இஞ்சுங்?" என்பார். எட்டு என்று பதில் வந்தால், "ஏனுங், கடன் சித்தெ எச்சாயிருச்சுங்ளா?" என்று நிஜமான அக்கறையோடு விசாரிப்பார்.

இவர் ஒருத்தரல்ல. மேட்டுப்பாளையம் ரோட்டில் துடியலூர் தாண்டி, பெரியநாயக்கன்பாளையத்தில் எந்த வீதிக்குள் திரும்பினாலும் ஒருத்தர் இருப்பார். வயது நாற்பதுக்கு மேல். ஒர்க்‌ஷாப்பில் வேலை, அல்லது வீட்டுக்குப் பின்னால் ரெண்டு லேத் போட்டுச் சொந்தமாக ஜாப் ஒர்க். 1962ல் நூற்பாலை இயந்திரம் செய்ய லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் தொடங்கப்பட்டதிலிருந்து, அதன் சங்குச் சத்தத்துக்கு எழுந்து சாப்பிட்டுத் தூங்கிய ஊர் இது. இங்கே பொடிப்பையனுக்கும் வெர்னியர் பிடிக்கத் தெரியும்.

வேலையில் அண்ணனைப் போலக் கறார்ப் பேர்வழி கிடையாது. ஷாஃப்டின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ரெண்டு பாகம் கூடியிருந்தால் போதும், மைக்ரோமீட்டரை எடுத்து இன்னொரு தரம் பார்த்துவிட்டு ரிஜெக்ட் டிரேயில் போட்டுவிடுவார். "எச்சா இருந்தா பரவால்லங்கறவன் லேத்துப் பக்கமே வரக்கூடாது" என்று வேலைக்கு வரும் பையன்களுக்கு வசவு விழும். ஷிஃப்ட் முடிந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சப்ஊஃபர் பேச்சு வந்துவிட்டால், அதே வாய்தான் சொல்லும்: "எச்சா இருந்தா ஒண்ணும் தப்பில்லீங்."

இந்தப் பித்து எங்கே தொற்றியது என்பதற்கு அவரே ஒரு வம்ச வரலாறு வைத்திருக்கிறார். படித்தது என்னவோ அவினாசிலிங்கம் செட்டியார் 1930ல் தொடங்கிய ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தில். அந்த வளாகத்துக்குள் காக்கா கத்தினால்கூட அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரியும். ஆனால் பள்ளிக்கூடம் போன வழி தனியார் டவுன் பஸ். கடைசி நீள சீட்டில் உட்கார்ந்தவன் பாட்டைக் காதால் கேட்க வேண்டியதில்லை, முதுகுத்தண்டு வழியாகவே ஏறும். அதற்கப்புறம் மாகாளியம்மன் நோம்பியில் சவுண்ட் சர்வீஸ்காரர் அடுக்கிய பெட்டிகளின் முன்னால் நின்று, சட்டை தானாக ஆடுவதைக் கண்டுகொண்டார். 1996ல் ‘கருப்பு ரோஜா’ தமிழின் முதல் டி.டி.எஸ். படமாக வந்தபோது கதை என்னவென்று அவருக்குத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. இடி எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது என்பது மட்டும் தெரியும்.

போதாததற்கு ஊர்ப் பெருமை வேறு. சாமிக்கண்ணு வின்சென்ட் 1914ல் தென்னாட்டின் முதல் நிரந்தர சினிமாக் கொட்டகைகளில் ஒன்றான வெரைட்டி ஹாலைக் கட்டியது கோயமுத்தூரில்தான் என்பார். "சினிமாச் சத்தம் நம்ம மண்ணோட பொறந்ததுங்." அந்தக் காலத்தில் படமே பேசாதுங்களே அண்ணா என்றால் அசரமாட்டார். "அதனாலதானுங், அத்தனை வருசத்துப் பாக்கியும் நம்ம தலைல நிக்குது." அமெரிக்கா வரைக்கும் ஆதாரம் வைத்திருக்கிறார். 1974ல் ‘எர்த்குவேக்’ என்ற படத்துக்காக யுனிவர்சல் கம்பெனி தியேட்டர்களில் ராட்சத ஊஃபர்களை இறக்கியது. ஹாலிவுட்டின் சைனீஸ் தியேட்டரில் கூரைக் காரை ஜனங்கள் தலையில் விழாமலிருக்க வலை கட்டினார்கள். இதைச் சொல்லும்போது அண்ணன் தன் வீட்டு ஹாலின் கூரையை அண்ணாந்து பார்ப்பார். அங்கே ஒரு விரிசல்கூட இல்லையே என்கிற ஏக்கம் கண்ணில் தெரியும்.

கடைக்கு அவரைத் துணைக்குக் கூட்டிப் போவது ஒரு அனுபவம். கிராஸ்கட் ரோட்டுக் கடையில் பெட்டியை விரல் முட்டியால் தேங்காய் பார்க்கிற மாதிரித் தட்டுவார். "பலகை பன்னெண்டு எம்.எம். தானுங். பதினெட்டு வேணும். இல்லாட்டி பொட்டியும் சேந்து பாடும்." சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்சில் பேட்டரி இருக்கும். தனி ஊஃபர் கையில் கிடைத்தால் அதன் ரெண்டு முனையிலும் பேட்டரியைத் தொட்டுப் பார்ப்பார். கூம்பு முன்னால் வந்தால் பிளஸ் சரி, பின்னால் போனால் மாறிப்போச்சு. ஒன்றரை வோல்ட்டில் கூம்பு ஒரு நூல் நகர்வதைப் பேரப்பிள்ளை தவழ்வதைப் போலப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

விற்பனைப் பையன் 5000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. என்று ஆரம்பித்தால் அன்றைக்கு அவனுக்கு நேரம் சரியில்லை. "தம்பி, இந்தப் பிளக்கு எத்தனை ஆம்ப்ஸ்? அஞ்சு. கரண்டு 230 வோல்ட். பெருக்குனா 1150. உள்ள போறதே ஆயிரத்துச் சொச்சம், வெளிய அய்யாயிரம் எப்படிங் வரும்? ஆர்.எம்.எஸ். சொல்லு." பையன் தேடிப் பார்த்து, தொடர்ந்து தரக்கூடிய நிஜ பவர் எண்பது வாட்ஸ் என்பான். நூறு வாட்ஸை இருநூறாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்கு ரெண்டு மடங்காகத் தெரிய ஏறக்குறைய பத்து மடங்கு பவர் வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். எட்டு இஞ்சுக்கும் பன்னெண்டு இஞ்சுக்கும் நாலு இஞ்ச்தான் வித்தியாசம் என்று யாராவது சொன்னால், "விட்டத்தப் பாக்காதீங், பரப்பப் பாருங்க, ரெண்டேகால் மடங்கு" என்று தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டுக் காட்டுவார். இத்தனையும் சரியான கணக்கு. அண்ணனை லேசாக எடைபோட முடியாது.

அவர் அளக்காதது ஒன்றே ஒன்றுதான். ஹாலை.

நம் பக்கத்து வழக்கமான ஹால் பத்துக்குப் பதினாலு. உயரம் பத்தடி வைத்துக்கொண்டால் 1400 கன அடி. அங்கே 40 ஹெர்ட்ஸில் ஒரு முழக்கம் வருகிறது என்று வையுங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அந்த முழக்கத்தின் ஒரு அலை நீளம் எட்டரை மீட்டர், அதாவது 28 அடி. அதில் சரிபாதி பதினாலு. ஹாலின் நீளமும் பதினாலு. இப்படி அமைந்துவிட்டால் அந்த அலை ரெண்டு கோடிச் சுவர்களுக்கும் நடுவே நின்றுகொள்ளும். சுவரோரம் முழக்கம் கும்மென்று இருக்கும், ஹாலின் நட்டநடுவில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது.

நட்டநடுவில்தான் சோபா. பின்சுவரை ஒட்டி ஆத்தாவின் கட்டில்.

அண்ணன் சோபாவில் உட்கார்ந்து, "பத்தல, இன்னுஞ் சித்தெ" என்று குமிழைத் திருப்பத் திருப்ப, அத்தனையும் ஆத்தாவின் கட்டில் காலுக்குப் போய்ச் சேர்கிறது. அட்டாலியில் கவிழ்த்து வைத்த போசிகள் ஒன்றோடொன்று பேசுகின்றன. சாமி படத்துக்குக் கீழே வெண்கல மணி தானாகக் கிணுகிணுக்கிறது. ஆத்தா எழுந்து உட்கார்ந்து, "ஏஞ்சாமி, ஆனை கீனை எறங்கிருச்சா?" என்கிறாள்.

ஆத்தா கேட்டதில் விஷயம் இருக்கிறது. பாலமலை, குருடிமலை அடிவாரத்தில் யானை இறங்குவது புதுசில்லை. யானைகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் உறுமலில் பெரும்பகுதி 20 ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்குக் கீழேயும் இருக்கிறது, நம் காதுக்கு எட்டாது. 1984ல் கேட்டி பெய்ன் என்ற அமெரிக்க அம்மையார் மிருகக்காட்சிசாலையில் ஆசிய யானைகளின் பக்கத்தில் நின்று, காதில் விழாமல் காற்று மட்டும் அதிர்வதை உணர்ந்து இதைக் கண்டுபிடித்தார். அண்ணனின் அடுத்த கனவு பதினஞ்சு இஞ்ச். அது 20 ஹெர்ட்ஸ் வரை இறங்குமாம். "ஆனை மறுபேச்சுப் பேசுச்சுன்னா ஆருங் போய்ப் பேசறது? நீங்களே பேசிக்கோங்க" என்று அண்ணி அந்தக் கனவை இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறார்.

பெட்டியை எங்கே வைப்பது என்பதற்கு உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட ஒரு முறை உண்டு. பெட்டியைத் தூக்கி நாம் உட்காரும் சோபா மேல் வைத்து, பாட்டைப் போட்டுவிட்டு, நாம் சுவரோரமாகத் தவழ வேண்டும். எந்த இடத்தில் முழக்கம் ஒரே சீராகக் கேட்கிறதோ, பெட்டியின் இடம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலு காலில் ஹாலைச் சுற்றினார். சோபாவில் பெட்டி விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தது. "கண்ணு, தோட்டுத் திருகாணி தொலைஞ்சிருச்சா?" என்று ஆத்தாவும் கட்டிலுக்கடியில் குனிந்து தேடினாள். கடைசியில் மிகச் சிறந்த இடம் என்று விஞ்ஞானம் காட்டியது பூஜை அறை வாசலை. அண்ணி ஒரு பார்வை பார்த்தார். பெட்டி பழையபடி டிவி மூலைக்கே போனது. மூலையில் வைத்தால் ரெண்டு சுவரும் தரையும் சேர்ந்து முழக்கத்தை ஏற்றிக் கொடுக்கும், அளவாகக் கேட்கவேண்டியது கொழகொழவென்று கேட்கும். அது தெரிந்தும் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. எச்சா இருந்தா தப்பில்லையே.

பெட்டியில் முன்பக்கம் காற்றுப் போக ஒரு ஓட்டை உண்டு. அதே அளவு பவருக்கு அடிமுழக்கத்தைக் கூட்டித் தர வைத்த ஓட்டை. வீட்டுச் சின்னதுகள் அதை உண்டியலாக எடுத்துக்கொண்டன. ஒரு நாள் முழக்கத்தோடு கடகடவென்று சத்தம் வருகிறதே என்று கழற்றினால், பொம்மை காரும் பல்லி முட்டை ஓடும் ஏசி ரிமோட்டும் வந்தன. ரிமோட்டுக்காகப் போன கோடை முழுக்க மெக்கானிக்கைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

சரி, இத்தனை பாடுபட்டு வாங்கியதை எப்போது கேட்கிறார்? பகலில் ஒர்க்‌ஷாப். சாயங்காலம் பெண்ணுக்கு டியூஷன், பப்ளிக் எக்ஸாம். ராத்திரி பத்து மணிக்கு மேல் குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல்தான் என்று 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதி சொல்கிறது, பகலிலேயே 55. விதியை விடுங்கள், பக்கத்து வீட்டுக்கும் இவருக்கும் பொதுச்சுவர். சுவர் வசனத்தைத் தடுக்கும், வயலினைத் தடுக்கும், தாழ்ந்த முழக்கத்தைத் தடுக்கத் தெரியாது. ஆகையால் பக்கத்து வீட்டுக்காரர் பாட்டில்லாத இடியை மட்டும் கேட்டுக்கொண்டு பல்லைக் கடிப்பார். அவர் வேறு அண்ணனுக்குப் பங்காளி. அதனால் குமிழ் பெரும்பாலும் ஒன்பது மணி நிலையைத் தாண்டுவதில்லை. அந்தப் பன்னெண்டு இஞ்ச் தினமும் தவறாமல் உழைப்பது ஒரே ஒரு இடத்தில்தான். ராத்திரி எட்டரை மணி சீரியலில் மாமியார் சடாரென்று திரும்பிப் பார்ப்பாளே, அங்கே. அப்போது மட்டும் அண்ணியே, "சித்தெ எச்சு வைங்க" என்பார்.

வாங்கப் போகிறவர்களுக்கு என் தீர்ப்பு இது. முதலில் டேப் எடுத்து ஹாலை அளங்கள். கதவில்லாமல் சமையலறையோடும் மாடிப்படியோடும் சேர்ந்த ஹால் என்றால் அந்த இடத்தையும் சேர்த்து அளக்கவேண்டும், காற்று எதுவரை போகிறதோ அதுவரை ஹால்தான். 1500 கன அடிக்குள் என்றால் பத்து இஞ்சே தாராளம், ஓட்டை இல்லாத மூடின பெட்டியாக இருந்தால் நல்லது. மூவாயிரத்தை நெருங்கினால் பன்னெண்டு நியாயம். அதற்கும் மேலே போனால் ஒரு பெரியதை விட ரெண்டு சிறியதை ஆளுக்கொரு பக்கம் வைப்பது உத்தமம், முழக்கம் ஹால் பூராவும் ஓரளவு சமமாகப் பரவும். சோபாவை நட்டநடுவிலிருந்து ரெண்டடி பின்னுக்குத் தள்ளுங்கள், இதற்குக் காசு கிடையாது. ஆத்தாவின் கட்டிலை உள்ரூமுக்கு மாற்றுங்கள், அவள் சம்மதித்தால். மற்றபடி அண்ணனைத் தாராளமாகக் கடைக்குக் கூட்டிப் போகலாம். பலகை, வாட்ஸ், ஒயர் எல்லாவற்றிலும் அவர் பேச்சை அப்படியே கேளுங்கள். இஞ்சில் மட்டும் ரெண்டு கழித்துக்கொள்ளுங்கள்.