பஞ்சாங்கமும் சனிக்கிழமையும்

நெதர்லாந்துத் தமிழர்களுக்குச் சித்திரை ஒன்று, மண்டபம் காலியாக இருக்கும் சனிக்கிழமையில்தான் பிறக்கும். குறை சொல்ல முடியாது. ஏப்ரல் 27-இல் பிறந்த மன்னர் வில்லெம் அலெக்சாந்தரின் பிறந்தநாள் விழாவே, 2025-இல் அது ஞாயிறாகிப் போனதால், 26-க்கு நகர்ந்தது.

ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கு ஷெங்கன் விசா 90 நாள், நாடுகள் 29. மகன் கணக்குப் போட்டு, பாரிஸை மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடுகிறான். நெதர்லாந்தின் கியூகென்ஹாஃப் தோட்டத்தில் ஆண்டுதோறும் சுமார் 70 லட்சம் பூக்கிழங்குகள் நடுகிறார்கள். அம்மா பொறுமையாகச் சுற்றி வந்து கேட்கிறார்: "இதுல தலையில வைக்க ஒண்ணுமில்லையாப்பா?"

மன்னர் நாளில் பிள்ளைகள் தெருவோரம் பழைய பொம்மை விற்பார்கள், உரிமம் வேண்டாம். அப்பா ஐம்பது சென்ட் பொம்மையை இருபதுக்குக் கேட்கிறார். ஐரோப்பாவில் அவருக்கு வழிகாட்டி தேவைப்படாத ஒரே இடம் அதுதான்.