பள்ளிக்கூடத்துல குடித்தனமா, பேராண்டி?

தோட்டத்துப் பழைய பள்ளிக்கூடத்தை வீடாக்கப் போறியாமே. தாராளமா செய்யப்பா. அஞ்சாம் வகுப்போட ஓடி வந்தவன், இப்பவாவது உள்ளேயே குடியிருந்து படிச்சு முடிக்கட்டும்னு ஒம் பாட்டிக்குச் சந்தோசம்.

எடம் மோசமில்ல. 10க்கு 12 அடி லயத்துக் காம்பராவுல ஒருத்தன் திரும்பிப் படுக்கணும்னா எல்லாரும் சேர்ந்துதான் திரும்பணும். இங்க நீ கை கால் நீட்டலாம். 1907ல வெள்ளைக்காரன் போட்ட சட்டத்துல, 6 வயசுல இருந்து 10 வயசு வரைக்கும் தோட்டத்துப் பிள்ளைங்களுக்குப் படிப்புச் சொல்லித் தர்றது தொரையோட பொறுப்புனு இருந்துச்சு. அதுக்கு ஒரு கட்டடமும் காட்டணும். அவரும் ஒரு கொட்டகையைக் காட்டினாரு. 10 வயசுக்கு மேல எதுக்குப் படிப்பு, கொழுந்துக் கூடை இருக்கே!

அது ஏன் காலியாக் கெடக்குதுனு நீ கேக்கல. 1964ல இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பொறகு நெறையப் பேரு இந்தியாவுக்குக் கப்பலேறினாங்க. 1977லயும் 1981லயும் இரத்தினபுரி, காவத்தைப் பக்கம் நம்ம சனத்தை அடிச்சு வெரட்டினப்போ, மிச்சத்துலயும் பல குடும்பம் வவுனியாவுக்குப் போயிருச்சு. அந்தக் காலத்துல இருந்தே அரசாங்கம் பள்ளிக்கூடங்களைப் பொறுப்பெடுத்து, பல தோட்டத்துல வேற எடம் பாத்துப் புதுக் கட்டடம் போட்டுச்சு. இடாப்புல பேரு கொறைஞ்ச எடத்துலதான் ஒன் குடித்தனம். சாமி படத்தை மாட்டுறப்போ அதையும் நெனைச்சுக்க.

இனி வேலைக்கு வருவோம். அரைச்சுவரைக் கூரை வரைக்கும் எழுப்பாம குடிபோகாத. இல்லாட்டி நீ பல்லு வெளக்குறதுல இருந்து பொண்டாட்டிகிட்ட ஏச்சு வாங்குறது வரைக்கும் ரோட்டுல போறவன் பார்ப்பான். கரும்பலகைச் சுவரை மட்டும் இடிக்காத. கடைக்காரனுக்கு எம்புட்டுக் கடன்னு அதுல எழுதி வை, விருந்தாளி ரெண்டாம் நாளே கெளம்பிருவான். கக்கூசுக் குழியைப் பகல்ல, நாலு பேரு பார்க்க வெட்டு. நம்ம பக்கத்துல ராத்திரியில குழி வெட்டினா எவனும் கக்கூசுனு நம்ப மாட்டான். மாணிக்கக்கல்லு தோண்டுறான், பெர்மிட் எங்கேனு பொலிசு வந்து நிக்கும்.

பின்னாடி இருக்கிற மேட்டைப் பார்த்தியா? 2016 மே 17ல அரநாயக்கவுல சாமசர மலை சரிஞ்சுச்சு. அதே நாளு புலத்கொஹுபிட்டியவுல தோட்டத்து லயத்து மேலயே மண்ணு விழுந்துச்சு. உசுரு தப்பினதுங்க பள்ளிக்கூடத்துலயும் பன்சலையிலயும்தான் ஒதுங்குச்சு. தரையில புதுசா வெடிப்பு, மரம் சாய்ஞ்சு நிக்கிறது, ஊத்துத் தண்ணி திடீர்னு கலங்கலா வர்றது, இந்த மூணுல ஒண்ணைப் பார்த்தாலும் சட்டி பானையைக்கூட எடுக்காம ஓடு. மேடு நல்லா இருந்தா தொல்லை வேற மாதிரி. மழை வலுத்தா சனம் பழைய பழக்கத்துல பாயோட ஒன் வாசலுக்கு வந்துரும். பள்ளிக்கூடம்தானே தம்பி, தள்ளிப் படுனு சொல்லும்.

கடைசியா, கட்டடம் யாருதுடா? 1972லயும் 1975லயும் தோட்டத்தை அரசாங்கம் எடுத்துச்சு. 1992ல கம்பெனிகிட்ட குடுத்துச்சு. பள்ளிக்கூடமோ கல்வித் திணைக்களத்துக்குப் போச்சு. தோட்டத்து ஆபீசுல கேட்டா கல்விக் காரியாலயத்துக்குப் போம்பாங்க, அங்க கேட்டா தோட்டத்து ஆபீசுக்கே போம்பாங்க. அரசியல் மேடையில நமக்குத் தர்றதாச் சொன்ன 7 பேர்ச்சஸ் காணி 10 பேர்ச்சஸா வளந்துருச்சு. நம்ம பாத்தியில கீரைகூட அம்புட்டு வேகமா வளரல. காணி உறுதி இன்னும் என் கைக்கு வரல. "ஐயா சொல்லிட்டாரு, நீ குடிபோ"னு எவனாவது சொன்னா, அந்த ஐயாவையே ஒரு துண்டுக் கடுதாசியில கையெழுத்துப் போடச் சொல்லு. மூஞ்சி எப்படிப் போகுதுனு பாரு.

சிமெண்டு மூட்டைக்கு வச்ச காசைத் தொடாம, திங்கக்கெழமை ரெண்டு காரியாலயத்துக்கும் போ. எழுத்து கைக்கு வந்த அன்னைக்குக் கூப்பிடு, மண்வெட்டியோட நானே வர்றேன். வாய்வார்த்தையை நம்பி என்னைத் தேடி வந்தியோ, தாத்தா வெத்தலை வாங்கப் போயிட்டாருனு பாட்டி சொல்லுவா.