தேயத் தேயப் பளபளப்பு

உத்தர்பாராத் தொழிற்சாலையில் 2014இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் காரை வீட்டு வாசலிலேயே புதிதாக்க முனைவோர், வெயில்பட்டு மேற்பூச்சு வெளிறி மாவாகும் ஆக்சிஜனேற்றத்தை, ரப்பிங் காம்பவுண்டு எனப்படும், நுண்ணிய அராவுதூள் கலந்த பசையால் தேய்த்து அகற்றுகின்றனர். நிறமற்ற காப்புப் பூச்சு மேலே இல்லாத பழைய பெயின்டாதலின், தேய்க்கும் பனியன் துணியில் காரின் நிறமே ஏறிவர, அதை அழுக்கென்று கருதி உரிமையாளர் அகமகிழ்வதும், ஆயுதபூஜைதோறும் இவ்வேள்வியை மறவாது நடத்துவதும், பானெட் விளிம்பில் பிரைமர் என்னும் அடிப்பூச்சு எட்டிப் பார்க்கும்வரை தொடர்கின்றன. இறுதியில் பூசப்படும் மெழுகு, எஞ்சிய பெயின்டுக்கு மினுமினுப்பைத் தருமேயன்றிப் போனதை மீட்டுத் தராது. பக்கத்து வீட்டாரின் பாராட்டும் ஏறத்தாழ அவ்வகையினதே. பிரைமர் தெரிந்தபின் வண்டி பெயின்டிங் பட்டறைக்குத்தான் போகவேண்டும்.